ஜீப் போன பிறகு கோப்பு யாரிடம்? வன்னியில் வெளிநாட்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க ஐந்து வழிகள்

இலங்கையின் வன்னிப் பகுதியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமம். பொதுநோக்கு மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சிறு கொட்டகை. அதற்குள் ஓர் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம். குழாய்க்கிணறு அடித்தது ஒரு நிறுவனம். கொட்டகை கட்டியது இன்னொன்று. இயந்திரம் மூன்றாவது நிறுவனத்தின் அன்பளிப்பு. அதை இயக்கப் பழக்கியது நான்காவது. வாசலில் நான்கு பெயர்ப் பலகைகளும் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. இயந்திரம் மட்டும் ஓடுவதில்லை.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர் அக்கா திறப்பைக் கொண்டுவந்து கதவைத் திறந்து காட்டினார். மெம்பிரேன் (தண்ணீரை வடிக்கும் உள் உருளை) மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். என்ன அளவு, எங்கே வாங்குவது, என்ன விலை என்று எழுதிய ஒரு தாள்கூடச் சங்கத்தில் இல்லை. பயிற்சி பெற்ற பையன் கட்டாருக்குப் போய்விட்டான். "தம்பி, திறந்துவைக்க நாலு நிறுவனமும் வந்தது. மூடுவதற்கு ஒருவரும் வரத் தேவைப்படவில்லை, அதுவாகவே மூடிக்கொண்டது" என்றார்.

எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. நான்கு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று தெரியாமல் செய்த வேலை அல்ல அது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கூடி, யார் எதைச் செய்வது என்று பேசிப் பிரித்துத்தான் செய்தார்கள். அந்தக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதியவன் நான். நல்ல ஒருங்கிணைப்புக்கு எடுத்துக்காட்டு என்று ஆண்டறிக்கையில் அதைச் சேர்த்தவனும் நான்தான்.

அண்மையில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் ஒட்டுசுட்டான் பக்கம் வேலைசெய்யும் அபிவிருத்தி உத்தியோகத்தர். இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் மூன்றாண்டுத் திட்டங்களோடு அவருடைய பிரிவுக்கு வருகின்றன. மற்றவர் கனடாவில் இயங்கும் ஊர்ச் சங்கமொன்றின் செயலாளர். பணம் இருக்கிறது, யார் மூலம் கொடுப்பது என்று தெரியவில்லை. வருகிறவர்களை எங்கே உட்காரவைத்து, யார் சொல்லைக் கேட்கவைப்பது? கச்சேரியா (மாவட்டச் செயலகம்), நிறுவனங்களின் சொந்தக் கூட்டமா, மாகாணத் திணைக்களங்களா, தனியொரு செயலணியா, ஊர்ச் சங்கங்களா? பதினைந்து ஆண்டுகள் நிறுவனச் சம்பளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அலைந்துவிட்டு, இப்போது கமக்காரர் அமைப்பொன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். என் தராசு இதுதான்.

## எதை வைத்து நிறுப்பது

ஒருங்கிணைப்பு என்றதும், ஒரே வேலையை இரண்டு பேர் செய்யாமல் பார்ப்பது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் அது பெரும்பாலும் வருகிறவர்களின் வசதி. இருக்கிறவர்களின் இயலளவு கூடியதா என்று பார்க்க வேறு கேள்விகள் வேண்டும்.

- கோப்பு. வரைபடம், பயனாளிப் பட்டியல், கிணற்று ஆழம், பொருள் வாங்கிய இடம் ஆகியவை நிறுவனம் போன மறுநாள் யாருடைய அலுமாரியில் இருக்கும்?
- பராமரிப்பு. கட்டுவதற்குக் காசு வரும். ஐந்தாம் ஆண்டில் கூரைக்கும் மோட்டாருக்கும் எந்த வரவுசெலவுத் திட்டத்தில் காசு?
- "வேண்டாம்" என்று சொல்லும் பலம். பொருந்தாத திட்டத்தைத் திருப்பி அனுப்ப யாருக்கு அதிகாரமும் துணிவும் இருக்கிறது? என் அனுபவத்தில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான படிக்கல்.
- ஆள். வேலையைக் கற்றுக்கொண்டவர் எங்கே தங்குகிறார்?
- வேகம். வெள்ளம் வந்தால் மூன்று நாளில் பாய் வேண்டும், மூன்று மாதத்தில் கிடைத்துப் பயனில்லை.

இதில் என் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. நாட்டின் சொந்தத் திட்டத்தின்படி நடப்போம், நாட்டின் சொந்த நடைமுறைகளையே பயன்படுத்துவோம் என்று கொடையாளர் நாடுகள் 2005 பாரிஸ் பிரகடனத்தில் ஒப்புக்கொண்டன. 2008இல் அக்ராவில் திரும்பச் சொன்னார்கள், 2011இல் பூசானில் மறுபடியும். 2016இல் இஸ்தான்புல்லில், மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை 2020க்குள் உள்ளூர் அமைப்புகளின் கையில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். 2020 வந்து போனது, இலக்கு எட்டப்படவில்லை. கையெழுத்துக்கு ஒருநாளும் பஞ்சமிருந்ததில்லை.

## முதல் வழி: கச்சேரி

மாவட்டச் செயலகம் என்று பலகை மாறி எத்தனையோ ஆண்டுகளாகின்றன. சனத்துக்கு அது இன்னும் கச்சேரிதான். அரச அதிபர், அவருக்குக் கீழே பிரதேச செயலாளர்கள், அதற்குக் கீழே கிராம அலுவலர். காணி, பயனாளித் தெரிவு, புள்ளிவிபரம் எல்லாம் இந்த ஏணியில்தான் ஏறி இறங்குகின்றன.

இதன் பெரிய பலம், போகாது என்பது. போர்க்காலத்தில் வன்னி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோதும் கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகள் இயங்கின. உலர் உணவுப் பங்கீடும் உத்தியோகத்தர் சம்பளமும் ஓய்வூதியமும் அந்த வழியாகவே வந்தன. 2008 செப்டம்பரில் அரசின் உத்தரவுக்குப் பின் ஐ.நா. வாகனங்கள் கிளிநொச்சியை விட்டு வரிசையாகப் புறப்பட்டபோது, சனத்தோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது கச்சேரிதான்; மேசைகளையும் கோப்புகளையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு. அலுவலகம் என்றால் கட்டடம் என்று நினைத்திருந்த என் எண்ணம் அன்று மாறியது.

கச்சேரி ஒழுங்காகப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்திய வீட்டுத் திட்டத்தைப் பார்க்கலாம். 2012 ஒக்டோபரில் தொடங்கிய பெரிய கட்டத்தில் வீட்டுக்கு 5.5 இலட்சம் ரூபாய் மானியம், பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகத் தவணை முறையில். நடைமுறைப்படுத்தியவர்கள் பலர்: ஐ.நா. ஹபிட்டாட், செஞ்சிலுவை, தேசிய வீடமைப்பு அதிகாரசபை, ஹபிட்டாட் ஃபோர் ஹியூமானிட்டி. ஆனால் தொகை ஒன்று, பயனாளிகளைத் தெரியும் புள்ளி முறை ஒன்று. அதற்கு முன்பு ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு ஒரு தொகையும் எதிர்வீட்டுக்கு இன்னொரு தொகையும் கொடுத்துவிட்டு, ஏன் என்று கேட்ட பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற நாட்களை நான் கண்டிருக்கிறேன். ஒரே தொகை என்பது சிறிய விடயமே இல்லை. சீமெந்து, மணல் விலை ஏறியபோது அந்தத் தொகை போதாமல் பலர் கடன்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம்.

முதலாவது, நாட்காட்டி. அரச நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. திறைசேரியிலிருந்து காசு அவிழ்ந்து வரும்போது ஒக்டோபர் ஆகிவிடும். வன்னியில் மாரி தொடங்குவதும் அப்போதுதான். முழங்கால் சேற்றில் கொங்கிறீட் போட்டு, ஆண்டு முடிவதற்குள் கணக்கை மூடிய மதகுகள் எத்தனை! அவை அடுத்த மாரியைக் காண்பதில்லை.

இரண்டாவது, வழிச்செலவு. நிறுவனங்கள் உத்தியோகத்தர்களுக்குப் பயணப்படியும் பகல் சாப்பாடும் கொடுக்கத் தொடங்கினால், அதிகம் கொடுக்கும் நிறுவனத்தின் கிராமத்துக்கே கள விஜயம் அதிகம் நடக்கும். இலஞ்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒருங்கிணைப்பின் தராசில் யாரோ பெருவிரலை வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது, "வேண்டாம்" என்று சொல்லத் தயங்குவது. வெளிநாட்டுக் காசைத் திருப்பி அனுப்பிய உத்தியோகத்தர் என்ற பெயரை யார்தான் விரும்புவார்? சின்னஞ்சிறு ருவாண்டா 2010இல் ஒவ்வொரு கொடையாளருக்கும் மூன்று துறைகள்தான் என்று வரம்பு கட்டியது. அது ஒரு நாட்டின் அமைச்சரவை சொன்ன சொல். ஒரு திட்டமிடல் பணிப்பாளர் தனியே நின்று அதைச் சொல்ல முடியாது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதினால் முடியும். அந்தக் கூட்டமோ அரசியல்வாதிகளின் மேடை. பாதி நேரம் பழைய கணக்குத் தீர்ப்பதிலேயே போகும்.

எப்போது நல்லது: காணி, வீடு, பயனாளித் தெரிவு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும். மூன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே பிரிவில் நிற்கும்போதும்.

## இரண்டாவது வழி: நிறுவனங்களின் சொந்தக் கூட்டம்

ஐ.நா. முறையில் இதைக் கிளஸ்டர் என்பார்கள்: நீருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று. "யார், என்ன, எங்கே" என்ற வரைபடம் கிழமைதோறும் புதுப்பிக்கப்படும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் வந்து குவிந்தபோது, கழிப்பறைக் குழியையும் தண்ணீர்ப் பவுசரையும் வலயம் வலயமாகப் பிரித்துப் பார்க்க இந்த முறை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் கெட்டிருக்கும். வேகத்தில் இதற்கு ஈடு எதுவுமில்லை.

ஆனால் கூட்டம் நடந்தது ஆங்கிலத்தில். பிரதேச சபைச் செயலாளர் பின்வரிசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார். வரைபடம் கொழும்பிலோ ஜெனீவாவிலோ ஒரு கணினியில் இருந்தது; அலுவலகம் மூடியபோது அதுவும் போய்விட்டது. ஒரு பிரிவின் கிணற்றுக் கணக்கெடுப்பை மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நாங்கள் திரும்பவும் முதலிலிருந்து செய்தோம். வீட்டுக்கு வீடு போனோம். ஓர் ஐயா நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, "தம்பி, நீங்கள் ஐந்தாவது ஆள். கிணறு இன்னும் அதே ஆழம்தான்" என்றார்.

மறைவான செலவில் பெரியது ஆள் இழப்பு. நான் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். இரு மடங்குக்கு மேல் சம்பளம் என்றதும் நிறுவனத்துக்குப் போனேன். என் வகுப்புக்கு அடுத்த ஆசிரியர் வர ஒன்றரை வருடம் எடுத்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர், கணக்காளர், தாதி என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் இதே கதை. பகலில் அரச அலுவலகத்தின் கையெழுத்தைக் கேட்டுப் போவோம். கையெழுத்துப் போடவேண்டியவர் எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். "இயலளவு விருத்திப் பயிற்சி" என்று பதாகை கட்டி நாங்கள் நடத்தியதெல்லாம், நாங்களே வெறுமையாக்கிய கதிரைகளுக்குத்தான்.

புறப்பாடும் அவர்கள் கையில் இல்லை. 2008இல் கொழும்பு சொல்லிப் போனார்கள். 2025 ஜனவரியில் வாஷிங்டனில் போட்ட ஒரே உத்தரவில் அமெரிக்க உதவி நின்றபோது, உலகம் முழுவதும் பாதி கட்டிய வேலைகள் அப்படியே நின்றன.

இந்த வழிக்கு ஒரு நல்ல விதிவிலக்கு நம் கண்முன்னேயே இருக்கிறது: கண்ணிவெடி அகற்றல். வேலைசெய்பவர்கள் பலர். ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய சர்வதேச நிறுவனங்கள். டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு அமைப்புகள். இராணுவத்தின் பிரிவும் உண்டு. ஆனால் 2010இல் அமைந்த தேசிய நிலையம் தரத்தை வகுக்கிறது. எந்த நிலம் யாருக்கு என்று பிரிக்கிறது. முடிந்ததைப் பரிசோதித்து வாங்குகிறது. வரைபடம் ஒன்றுதான். போர்முனையாக இருந்த முகமாலை வெளியில் முகக்கவசம் போட்டு, முழங்காலில் நின்று சாண் சாணாக மண்ணைச் சுரண்டும் பெண்களில் பலர் இந்த மண்ணின் பிள்ளைகள். 2017 டிசம்பரில் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது; 2028 என்று முடிவுத் திகதி வைத்தது. அதை நோக்கித்தான் வேலை போகிறது. காரணம் எளியது என்று நினைக்கிறேன்: கண்ணிவெடியில் பிழைவிட்டால் கால் போகும். கிணற்றில் பிழைவிட்டால் அறிக்கைதான் கொஞ்சம் நீளும்.

எப்போது நல்லது: அனர்த்தத்தின் முதல் ஆறு மாதம். அதற்குப் பிறகு தேசிய நிலையம் ஒன்று தலையில் இருந்தால் மட்டும்.

## மூன்றாவது வழி: மாகாணத் திணைக்களங்கள்

கல்வி, சுகாதாரம், உள்ளூராட்சி, கூட்டுறவு, கிராம அபிவிருத்தி, மாகாண நீர்ப்பாசனம் ஆகியவை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் வழியே மாகாணத்தின் கையில். பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் மருத்துவமனை விடுதிக்கும் பத்தாண்டுக்குப் பிறகு வெள்ளையடிக்கப் போவது இவர்கள்தான். ஆகவே பராமரிப்பு என்ற படிக்கல்லில் இந்த வழிக்கே எடை அதிகம்.

குறை மேலே. 2013 செப்டம்பரில் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. சபை இருந்த காலத்தில்கூட, வெளிநாட்டுக் காசை நேராகப் பெற நினைத்த முதலமைச்சர் நிதிய நியதிச்சட்டத்துக்கு ஆளுநரின் சம்மதம் கிடைக்கவில்லை. திணைக்களம் வேலை தெரிந்த கை. அதற்கு மேலே கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் தெரிவு செய்யப்பட்ட ஆள் இன்று இல்லை.

இந்தக் கேள்வி கேட்கும் ஆள் இல்லாவிட்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்குக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகம் உடன் நின்றது. குளத்தையும் வாய்க்கால்களையும் திருத்தும் பங்கைச் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியம் எடுத்துக்கொண்டது. திருத்தத்தால் மிச்சமாகும் நீரின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோவது ஏற்பாடு. காகிதத்தில் இதைவிடச் சிறந்த ஒருங்கிணைப்பைக் காட்ட முடியாது: ஒருவர் குழாய்க்கு, ஒருவர் வாய்க்காலுக்கு, வேலை இரட்டிக்கவில்லை, காசு மோதவில்லை.

மோதியது தண்ணீர். சிறுபோகத்துக்கே குளம் போதாமல், பங்கு பிரித்து, முறை வைத்து விதைத்த ஆண்டுகளைக் கண்டவர்கள் கிளிநொச்சிக் கமக்காரர்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், எவ்வளவு மிச்சம் என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஒப்பும் பதில் கிடைக்கவில்லை. நிலத்தடி நீர் உவர்த்துப்போன யாழ்ப்பாணத்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டதிலும் பிழையில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே பாயில் இருத்திப் பேசவேண்டிய நேரத்தில் மாகாண சபையே பிறந்திருக்கவில்லை. 2013இல் அது வந்தபோது வங்கிகளின் கையெழுத்துக் காய்ந்திருந்தது. பிறகு இழுபறி. கடைசியில் இரணைமடு நீர் கைவிடப்பட்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கு 2017இல் மேலதிக நிதி ஒதுக்கப்பட்டது. தாளையடியில் அது திறக்கப்பட்டது 2024இல். குளம் தன் பங்குக்குத் திருத்தப்பட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் பதினான்கு ஆண்டுகள்! கடல்நீரைச் சுத்திகரிக்க ஆகும் மின்சாரச் செலவு ஒவ்வொரு மாதமும் அந்தப் பிழையை நினைவூட்டும் கட்டணச் சீட்டு.

எப்போது நல்லது: தொடர் பராமரிப்பு வேண்டிய கட்டடம், குளம், உள்ளக வீதி. வரைபடம் கீறும் நாளிலேயே திணைக்களப் பொறியியலாளரின் கையெழுத்து வேண்டும். திறப்பு விழா மேடையில் கதிரை போட்டுக் கொடுப்பதால் அது ஈடாகாது.

## நான்காவது வழி: தனியொரு செயலணி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என் வாசகர் எவரின் கையிலும் இல்லை, மேலிருந்து வருவது.

சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியா தன் ஆச்சே மாகாணத்துக்காக ஒரு தனி முகவரகத்தை 2005 ஏப்ரலில் அமைத்தது. தலைமையகம் ஜகார்த்தாவில் இல்லாமல் பண்டா ஆச்சேயில் இருந்தது. எந்த நிறுவனமும் அதன் ஒப்புதலின்றி வேலை தொடங்க முடியாது. நான்கு ஆண்டுகள் முடிந்ததும் 2009 ஏப்ரலில் கடையைக் கட்டினார்கள். கட்டிய சொத்துகளை உள்ளூராட்சிக்கு ஒப்படைப்பது அங்கேயும் இழுபட்டது. ஆனாலும் முடிவுத் திகதியோடு பிறந்த அமைப்பு என்பதே பெரிய விடயம்.

நமக்கு வந்தவை வேறு. சுனாமி நிதியைப் பகிர அரசும் புலிகளும் 2005 ஜூன் 24இல் கையெழுத்திட்ட பொதுக்கட்டமைப்பின் முக்கிய பிரிவுகளை ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அது செத்துப் பிறந்த பிள்ளை. 2009 மே மாதத்தில் அமைந்த ஜனாதிபதி செயலணி வேகமாகத்தான் இயங்கியது. அன்று வடக்கில் ஒவ்வொரு திட்டத்துக்கும் அதன் அனுமதி வேண்டியிருந்தது. வீதிக்கும் கட்டடத்துக்கும் அனுமதி வந்தது, உளவளத் துணைக்கு வருவது பெரும்பாடு. "வேண்டாம்" என்று சொல்லும் பலம் அதற்கு நிறையவே இருந்தது. சொல்லப்பட்டது யாருடைய நலனுக்காக என்பதுதான் கேள்வி.

எப்போது நல்லது: பேரனர்த்தத்துக்குப் பின், முடிவுத் திகதி சட்டத்திலேயே எழுதப்பட்டு, அலுவலகம் இங்கே இருந்தால்.

## ஐந்தாவது வழி: ஊர்ச் சங்கங்கள், கூட்டுறவு

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்த வழியில்தான் கண். நடுவில் ஆளில்லை, காசு நேரே ஊருக்கு. அரச கொள்முதல் நடைமுறையும் சிறிய வேலைகளைச் சங்கங்களுக்கு நேரடியாகக் கொடுக்க இடமளிக்கிறது. சங்கம் போட்ட வீதிக்கும் ஒப்பந்தக்காரர் போட்ட வீதிக்கும் உள்ள வேறுபாட்டை மழை முடிந்ததும் பார்க்கலாம். தன் மாட்டு வண்டி போகும் வீதிக்கு ஒருவரும் மணலைக் கூட்டிப் போடுவதில்லை.

மறைவான செலவு, அதே ஐந்து பேர். ஓர் ஊரில் எத்தனை சங்கம் இருந்தாலும் தலைவர், செயலாளர், பொருளாளர் அதே ஐந்து முகங்கள். நிறுவனம் ஒவ்வொன்றும் தன் திட்டத்துக்கென்று புதிய குழு ஒன்றைத் தொடங்கச் சொல்லும். இருக்கிற சங்கத்தில் அவர்களின் பெயர் ஒட்டாதே. ஒரு கிராமத்தில் ஐந்து சுழற்சி நிதிகளை எண்ணினேன். ஒன்றில் எடுத்து இன்னொன்றில் கட்டினார்கள். அதன் தலையில் நுண்கடன் நிறுவனங்களும் ஏறியபோது பெண்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

கணக்காய்வு இரண்டாவது. கூட்டுறவுச் சங்கம் என்றால் ஆணையாளரின் பரிசோதனை உண்டு. பதிவில்லாத ஊர்க்குழுவுக்கு அதுவும் இல்லை. சண்டை வந்தால் லண்டன் கிளை ஒரு பக்கம், டொரன்டோ கிளை ஒரு பக்கம்.

எப்போது நல்லது: வாழ்வாதாரம், சிறு வீதி, வாய்க்கால் துப்புரவு, நெல் கொள்வனவு. புதிய குழு தொடங்காமல், பதிவுள்ள பழைய சங்கத்தின் வழியே.

## ஒரே பார்வையில்

| வழி | கோப்பு தங்குமா | பராமரிப்பு | "வேண்டாம்" சொல்லும் பலம் | ஆள் தங்குவாரா | வேகம் |
|---|---|---|---|---|---|
| கச்சேரி | தங்கும் | பாதி | தீர்மானம் எழுதினால் | மாற்றலாகிப் போவார், கதிரை இருக்கும் | மெதுவு |
| நிறுவனக் கூட்டம் | போகும் | இல்லை | தமக்குள் மட்டும் | போவார் | மிக வேகம் |
| மாகாணத் திணைக்களம் | தங்கும் | உண்டு | மேலே சபை இருந்தால் | தங்குவார் | மெதுவு |
| தனிச் செயலணி | கலைந்தால் தேட வேண்டும் | இல்லை | மிக அதிகம் | கலைந்துபோவார் | வேகம் |
| ஊர்ச் சங்கம் | பொருளாளரின் கையில் | சிறியதற்கு உண்டு | குறைவு | அதே ஐந்து பேர் | சிறியதில் வேகம் |

## கேட்ட இருவருக்கும்

உத்தியோகத்தர் தம்பிக்கு: உங்களுக்கு முன்னால் இருப்பது மூன்றாண்டுத் திட்டங்கள், அனர்த்தம் இல்லை. ஆகவே இருக்கை பிரதேச செயலகத்தின் திட்டமிடல் கிளையில் இருக்கட்டும். நிறுவனங்கள் தமக்குள் கூடட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் குறிப்பு தமிழில் எழுதப்பட்டு உங்கள் கோப்பில் விழ வேண்டும். முதல் கூட்டத்திலேயே மூன்று தாள்களைக் கேளுங்கள்: வரைபடம், ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவும் அதை ஏற்கும் திணைக்களத்தின் கையெழுத்தும், நிறுவனம் இடையில் போக நேர்ந்தால் யாரிடம் என்ன ஒப்படைப்பது என்ற கடிதம். கடைசித் தாளைக் கேட்டால் முகம் கறுக்கும், பரவாயில்லை. உங்கள் ஆட்களை அவர்கள் வேலைக்கு எடுப்பதானால், பதிலுக்கு ஆள் வரும்வரை பொறுக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கப் பாருங்கள். என் பழைய வகுப்பை நினைத்துச் சொல்கிறேன். வேலை நாட்காட்டியைச் சித்திரை முதல் புரட்டாதி வரைக்குள் அடக்குங்கள். ஐப்பசியில் யாராவது கொங்கிறீட் என்றால் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

கிணறு, குளம், கட்டடம் பற்றிய தரவுகளின் இன்னொரு பிரதியை அறிவியல்நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் வைக்கலாம் என்பது என் ஆசை. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருவார்கள், ஆய்வுக்கு ஊர்த் தரவு தேடுவார்கள். கடன் வாங்கிய பஜிரோவில் கொழும்பிலிருந்து நிபுணர் வரும்வரை காத்திருப்பதைவிட இது மலிவு.

கனடாச் செயலாளர் அண்ணைக்கு: தயவுசெய்து இங்கே புதிய அலுவலகம் திறக்காதீர்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே பதிவிலுள்ள சங்கம் எது, அதன் கடைசிக் கணக்காய்வு எந்த ஆண்டு என்று கேளுங்கள். அது சரியென்றால் அதன் வழியே கொடுங்கள். பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதிக் கடிதம் போடுங்கள். கட்டடம் கட்டத் துடிக்கிறீர்கள் என்பது தெரியும். பெயர்ப் பலகை வைக்கக் கட்டடம்தான் வசதி. ஆனால் உங்கள் ஊரில் இன்று இருப்பது மூன்று மண்டபமும், கணக்கெழுதத் தெரிந்த ஒரே ஓர் ஆளும். கணக்கெழுத இன்னும் நான்கு பேரைப் படிப்பிக்கக் காசு அனுப்ப முடியுமா என்று உங்கள் செயற்குழுவில் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஆர்.ஓ. இயந்திரத்துக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்கக்கூடும். நீர் வழங்கல் சபையில் வேலைசெய்த, இப்போது ஓய்வுபெற்ற ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். கைலியோடு சைக்கிளில் வந்தார். குழாயின் மூடியைக் கழற்றி, மஞ்சளாகிப் போன மெம்பிரேனை உருவி எடுத்து, தையல்காரரின் அளவுநாடாவால் அளந்தார். நான்கு அங்குல விட்டம், நாற்பது அங்குல நீளம். கொழும்பில் கேட்டால் கிடைக்கும் பொது அளவு என்றார். பத்து நிமிட வேலை. அக்கா அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்துவந்து, சுவரில் நான்கு பெயர்ப் பலகைகளுக்கும் கீழே பெரிதாக எழுதினார்: 4 × 40.